எங்களுக்காகக் கதைத்தவர்

அவர் இருந்த காலம் வரைக்கும் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தொண்டை கட்டியதில்லை. கதைக்கிற வேலை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

பெயரைச் சொல்லமாட்டேன். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் மரியாதையாக இருக்கிறார்கள். என்னோடு இன்றைக்கும் நல்ல வாரப்பாடு. ஊரில் எல்லோருக்கும் அவர் 'செயலாளர் ஐயா'. வாசிகசாலைக்குச் செயலாளர், மரண சகாய நிதிக்குச் செயலாளர், மீன்பிடிச் சங்கத்துக்கும் செயலாளர். இத்தனைக்கும் அவர் கடலில் கால் நனைத்தது ஆடி அமாவாசைக்கு மட்டும்தான்.

நான் பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்தவள். என் பாட்டனார் பாய்க்கப்பலில் ரங்கூன் வரைக்கும் போய் வந்தவர். பள்ளிக்கூடம் நான் அதிகம் போகவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். வாய் மட்டும் எனக்குக் குறைவில்லை. அந்த வாயைத்தான் செயலாளர் ஐயா என்னிடம் இரவல் வாங்கிக் கன வருசம் திருப்பித் தராமல் வைத்திருந்தார்.

அவர் உத்தியோகத்தை விட்டு ஊரோடு வந்த புதிதில் ஒரு நாள் அம்மாவுக்குக் காதுக்குள் குத்து வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் அவர் நின்றார். "நீங்கள் சும்மா இருங்கோ, நான் கதைக்கிறன்" என்று எங்களுக்கு முன்னால் உள்ளே போனார். போய் டொக்டரோடு இங்கிலீசில் தொடங்கினார். ஊரின் சுகாதாரம், கிணற்றுத் தண்ணீர், ஆஸ்பத்திரியில் கட்டில் போதாது என்பது எல்லாம் அதற்குள் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் காட்டிக் காட்டித்தான் சொன்னார். டொக்டர் பொறுமையான மனிதர். எல்லாம் கேட்டு முடித்து, கதிரையை அம்மாவின் பக்கம் திருப்பி, "என்னணை ஆச்சி செய்யுது?" என்றார். டொக்டருக்கு ஊர் பக்கத்துக் கரவெட்டி.

"காது மோனை" என்றாள் அம்மா.

செயலாளர் ஐயாவுக்கு வெட்கம் வரவில்லை. "அதைத்தான் நானும் விளங்கப்படுத்தினனான்" என்றார்.

சங்கக் கூட்டங்களில் அவருக்குப் பிடித்த சொல் 'ஏகமனதாக'. தலைவர் ஏகமனதாக, பொருளாளர் ஏகமனதாக, செயலாளர் எப்போதும் ஏகமனதாக. ஒருமுறை மீன்பிடி வள்ளக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"ஐயா, நான் ஒண்டு கேக்கவேணும்."

"நீ என்ன கேக்கப்போறாய் எண்டு எனக்குத் தெரியும். இரு, உனக்காக நான் கேக்கிறன்."

அப்படியே கேட்டார். கேள்வியைத் தானே கேட்டு, மறுமொழியையும் தானே சொல்லி, "இப்ப உனக்குத் திருப்திதானே?" என்று அந்த மனிதரைப் பார்த்தார். மனிதர் தான் கேட்க நினைத்தது என்ன என்பதையே மறந்துபோய், "ஓம்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் இருந்த நான் பொறுக்கமாட்டாமல், "ஐயா, இதுக்கு நாங்கள் ஏன் வந்தனாங்கள்? வீட்டிலை இருந்திருக்கலாமே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவரோடு பெரிய கஷ்டம். "பிள்ளை, ஜனநாயகம் எண்டால் சனங்களின்ரை குரல். சனங்கள் எல்லாரும் ஒரேயடியாய்க் குரல் குடுத்தால் அது மீன்சந்தை. அதாலைதான் ஒராள் எல்லாருக்காகவும் கதைக்கிறது" என்றார்.

இந்தக் குரலுக்குக் கடலுக்கு அப்பாலும் கேட்க ஆள் கிடைத்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது ஆமி வந்து பெடியளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம் தொடங்கிவிட்டது. செயலாளர் ஐயா ஒரு மனித உரிமைக் குழு தொடங்கினார். செயலாளர் யார் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாடுகளுக்குக் கடிதம் அடிக்கிற அவருடைய ரைப்ரைற்றர் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். எங்கள் வீட்டுக் கோழிகூட அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. உலகத்தில் எங்கோ ஒரு நாட்டில் இருந்த நல்ல மனிதர்கள் சிலர் அவருக்கு மறுமொழி போட்டார்கள். அதோடு விடவில்லை, எங்கள் ஊரில் ஜனநாயகமும் சட்டமும் தழைக்கட்டும் என்று உதவியும் அனுப்பினார்கள். வந்தது ஒரு ரேப் ரெக்கோடர். பாதிக்கப்பட்ட சனங்களுடைய குரலை அவர்களுடைய வாயாலேயே பதிந்து அனுப்பவேண்டுமாம்.

முதல் குரல் என் மச்சான் ஒருவருடையது. கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தவரைக் காரணம் இல்லாமல் அடித்துப்போட்டுப் போயிருந்தார்கள். வாசிகசாலையில் மேசைமேல் பெட்டியை வைத்து, பொத்தானை அமத்தி, "ம், சொல்லும்" என்றார் செயலாளர் ஐயா.

"நான் அண்டைக்கு வலையை எடுத்துக்கொண்டு..."

"பொறும், பொறும். முதல் பின்னணியைச் சொல்லவேணும்."

பின்னணி சொல்லி முடிய நாடாவின் ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கத்தில் முன்னணி. பிறகு எல்லோரும் கூடி இருந்து போட்டுக் கேட்டோம். தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் செயலாளர் ஐயாவின் குரல். அவர் "அப்பிடித்தானே?" என்று கேட்ட ஒரு இடத்தில் மட்டும் மச்சானுடைய "ஓம்" கேட்டது. மச்சானுக்கு அதுவே பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "என்ரை ஓம் நல்லாய் விழுந்திருக்கு, என்ன?" என்று மனிசியிடம் கேட்டார்.

நானும் அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரிக்கிற நிலையில்தான் அப்போது இருந்தேன்.

அதற்குப் பிறகு என் இரண்டாவது மகனைப் பிடித்தார்கள். நெல்லியடிக்குப் போன பிள்ளையை பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். வழக்கும் இல்லை, கோட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. புதுச் சட்டமாம், அப்படியே வைத்திருக்கலாமாம். ஆமி முகாம் ஒன்றில் இருந்து விடுபட்டு வந்த ஒருவன், "அங்கைதான் இருக்கிறான் அன்ரி, முதல் கண்டனான், பேந்து காணேல்லை" என்றான். அந்தப் 'பேந்து காணேல்லை', பிறகு காணவில்லை என்ற சொல், என்னை வீட்டில் இருக்க விடவில்லை. என் மனிசன் கடலில் வாழ்ந்த மனிதர். கரையில் வாய் திறக்கமாட்டார். ஆம்பிளைகள் போனால் அவர்களையும் வைத்துக்கொள்வார்கள் என்ற பயமும் இருந்தது. நான் போனேன். கேற்றில் காவல் நின்ற ஆமிக்காரன் சிங்களத்தில் என்னவோ சொல்லிக் கையை வீசினான். திரும்பி வந்தேன். பிறகும் போனேன். பிறகும் கையை வீசினான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று என் கண்ணால் பார்க்கவேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அப்போதுதான் அந்த வெளிநாட்டு மனிதர்கள் நேரில் வருகிறார்கள் என்று கதை வந்தது. ரேப் ரெக்கோடர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவும், சனங்களைச் சந்திக்கவும் வருகிறார்களாம். செயலாளர் ஐயா வீடு வீடாக வந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு நகைநட்டு ஒண்டும் போடாதேங்கோ. பழஞ்சீலை ஏதும் உடுத்து, தலையையும் வாரி இழுக்காமல் வந்தால் நல்லது."

"ஏன் ஐயா, செத்தவீடோ?"

"அவையள் உங்களைப் பாத்து இரங்கவேணும்."

"இரங்கிறதுக்கு நாங்கள் என்ன சந்நிதி வாசலிலை தட்டோடை குந்தியிருக்கிறமே?"

"இது சர்வதேச விசயம் பிள்ளை, உங்களுக்கு விளங்காது."

"சர்வதேசம் என்ரை வாசலுக்கு வந்தால் நான் வடிவாய்த்தான் நிப்பன். என்ரை பிள்ளையைப் பிடிச்சவங்கள் என்ரை தாலிக்கொடியைப் பிடிக்கேல்லை."

இந்தக் கதை ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் ஒரு பெண்ணாவது பழஞ்சீலையோடு வரவேண்டுமே! கூறைச்சீலை, அட்டியல், காப்பு, தலைக்குப் பூ. நகையை அடைவு வைத்திருந்தவர்கள் இரவல் வாங்கிப் போட்டார்கள். என்னுடைய பதக்கம் சங்கிலி பக்கத்து வீட்டுக்காரியின் கழுத்தில் இருந்தது. வாசிகசாலைக்குள் வந்த வெள்ளைக்காரர் நெடுவல், நிலையில் தலை முட்டாமல் குனிந்து வந்தவர். ஒரு முறை எங்களைப் பார்த்தார், ஒரு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செயலாளர் ஐயாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். கலியாணவீட்டுக்குள் பிழையாக வந்துவிட்டோமா என்றுதான் கேட்டாராம். அவரோடு வந்த பெண் எங்களுக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னாள். மடியில் தாள் வைத்து எழுதுகிறவள் அவள்தான்.

செயலாளர் ஐயா எழும்பினார். போர்த்துக்கீசர் வந்ததில் இருந்து தொடங்கினார் என்று நினைக்கிறேன். பறங்கிக் கப்பல் மாதிரி ஒன்றைக் கையால் காட்டினார். ஒல்லாந்தரைக் கடக்கும்போது தேத்தண்ணீர் ஆறிவிட்டது. அடுத்தது வெள்ளைக்காரர் செய்த அநியாயம் வரவேண்டும். எதிரே இருப்பவர்களும் வெள்ளைக்காரர் என்பது அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். சட்டென்று குரலைத் தணித்து அந்தக் காலத்தைக் கெதியாய்க் கடந்து போனார்.

ஒருவழியாக என்னை எழுப்பினார். நான் சொன்னது இவ்வளவுதான்: "என்ரை மகன் காம்பிலை இருக்கிறான். எனக்கு அவனைப் பாக்கவேணும்."

அதை அவர் இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதுகிற பெண் ஒரு தாளை முடித்து மற்றத் தாளுக்குப் போனாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காம்ப் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. அந்த நீளமான கதைக்குள் என் பிள்ளை எங்கோ அமிழ்ந்து போனான்.

இது நடக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும். தெரிந்துதான் இரண்டு வேலை செய்து வைத்திருந்தேன்.

முதலாவது, இங்கிலீசு. என் மச்சாள் ஒருத்தி ஆஸ்பத்திரியில் மிட்வைஃப். அவளைக் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கேட்டேன். "நான் முன்னுக்கு வந்தனெண்டால் நாளைக்கே எங்கையும் காட்டுக்கு மாத்திப்போடுவாங்களடி" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனால் எனக்கு வேண்டிய அளவு இங்கிலீசை அவளே தந்தாள். மை சன் இஸ் இன் த காம்ப். ஐ வோண்ட் ரு சீ ஹிம். அடுப்படியில் நின்று துழாவத் துழாவ அதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன்.

இரண்டாவது, அந்த அடுப்பில் நான் துழாவியது. ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. வந்த விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனபடியால் ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. மீன், றால், மரவள்ளி, பயற்றங்காய் எல்லாம் போட்டு, நண்டை மட்டும் அளவுக்கு மிஞ்சிப் போட்டேன். செயலாளர் ஐயா நண்டுப் பிரியர். மற்றவர்கள் நண்டை உறிஞ்சிவிட்டுப் போடுவார்கள். அவர் அப்படி இல்லை. ஒரு காலைக் கையில் எடுத்தால் இரண்டு கையும் வாயும் அதற்குள்ளேயே இருக்கும். உள்ளே இருக்கிற சதை மிச்சம் இல்லாமல் எடுக்கும் வரைக்கும் உலகம் அவருக்கு இல்லை. ஊரில் அவர் வாய் மூடியிருப்பதை நான் பார்த்தது நண்டு தின்னும் நேரத்தில் மட்டும்தான்.

பனையோலைப் பிளாவில் கூழை வார்த்துக் கொடுத்தோம். நெடுவல் வெள்ளைக்காரர் ஒரு மிடறு குடித்தார். செத்தல் மிளகாய் வேலை செய்தது. முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. செயலாளர் ஐயா கையில் இருந்ததை வைத்துவிட்டு எழும்பி எங்களைப் பார்த்தார். "பாருங்கோ, உங்கடை துன்பத்தைக் கேட்டு மனிசன் அழுகிறார்" என்றார். எங்களுக்காக அவருக்கு நன்றியும் சொன்னார். வெள்ளைக்காரர் தண்ணீர் கேட்டார்.

நான் பானைக்குள் அகப்பையை விட்டுப் பெரிய நண்டுக்காலாக ஒன்றை எடுத்துச் செயலாளர் ஐயாவின் பிளாவில் வைத்தேன். "இதையும் பாருங்கோ ஐயா." பார்த்தார். கடித்தார். அந்த நேரம் நான் அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றேன்.

"மை சன் இஸ் இன் த காம்ப். ஐ வோண்ட் ரு சீ ஹிம்."

அவள் பிளாவைக் கீழே வைத்தாள். "யுவர் சன்?" என்றாள். "யெஸ்" என்றேன். பேனையைத் தாளில் வைத்து அடுத்து அவள் கேட்டது மகனின் பெயரைத்தான் என்று எனக்கு விளங்கியது. முழுப் பெயரையும் சொன்னேன். முகாமின் பெயரையும் சொன்னேன். எழுதினாள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.

பின்னால் செயலாளர் ஐயா "ம், ம்" என்று கையை ஆட்டிக்கொண்டு நின்றார். ஒருவழியாக விழுங்கிவிட்டு, நண்டுக்கையோடு முன்னுக்கு வந்து, அவளைப் பார்த்து இங்கிலீசில் தொடங்கினார். இந்தத் தாய் சொல்லவருவது என்னவென்றால் என்றுதான் தொடங்கியிருக்கவேண்டும். நான் இங்கிலீசில் சொன்னதை அவர் இங்கிலீசில் மொழிபெயர்த்தார். அதற்குள் 'சன்' என்பது எனக்கு ஒரு தரம் கேட்டது. மிச்சம் எல்லாம் உலகம்.

அவர்கள் போய்க் கன நாளுக்குப் பிறகு அவர்களுடைய அறிக்கை வந்தது. செயலாளர் ஐயா கூட்டத்தில் தமிழ்ப்படுத்தி வாசித்தார். இந்தக் கடற்கரை மக்கள் மிகுந்த விருந்தோம்பல் உள்ளவர்கள் என்று இருந்ததாம். நகைகளைப் பற்றியும் ஒரு வரி இருந்ததாம். அதை அவர் வாசிக்கவில்லை, என்னைப் பார்த்து மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்றினார். ஆனால் அந்தப் பெண் அறிக்கையோடு நிற்கவில்லை. கொழும்பில் எந்தக் கதவைத் தட்டினாளோ, ஒரு நாள் அரசாங்கக் கச்சேரியில் இருந்து ஆள் வந்து, வெள்ளிக்கிழமை போய் மகனைப் பார்க்கலாம், அந்த ஒரு நாள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நானும் வாறன் தங்கச்சி. அங்கை ஆர் கதைக்கிறது?" என்றார் செயலாளர் ஐயா.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த நாளில் ஒரு ஆம்பிளை தானாக முகாம் வாசலுக்கு வாறன் என்று சொல்வது சின்ன விசயம் இல்லை. வாருங்கோ என்றேன்.

வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் குடை. கேற்றடியில் போய் நின்று, தொண்டையைச் செருமி, இங்கிலீசில் நல்ல மாதிரித் தொடங்கினார். நின்றவன் என் மகனின் வயதுக்காரன். இவர் சொல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதே கைவீச்சு. போ.

இவர் இன்னும் கொஞ்சம் பெரிய இங்கிலீசில் சொன்னார். அவன் துவக்கை மற்றக் கைக்கு மாற்றினான்.

செயலாளர் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நண்டு இல்லாமல் அவர் வாய் மூடி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் ஏன் உத்தியோகத்தை விட்டவர் என்று இப்போது சொல்லவேண்டும். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து, கந்தோரில் இருக்கிற தமிழரும் சிங்களச் சோதினை பாஸ் பண்ணவேண்டும் என்று ஆனபோது அவர் குருநாகலில் கிளாக்கர். சிங்களச் சிநேகிதரோடு கார்ட்ஸ் விளையாடி, சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசி வாழ்ந்த மனிதர். எழுதியிருந்தால் அரை நித்திரையிலும் பாஸ் பண்ணியிருப்பார். எழுதவில்லை. வேலையை எறிந்துவிட்டு வந்து, அந்தப் பாஷையில் இனி ஒரு சொல்லும் என் வாயில் வராது என்று கோயிலில் சத்தியம் பண்ணினார். ஊர் முழுக்கத் தெரிந்த கதை. எங்கள் சந்திப் பேக்கரிக்காரன் சிங்களவன் என்பதற்காக, அவன் ஏதும் கேட்டு வாய் தவறி மறுமொழி சொல்லிவிடுவேனோ என்று பாண் வாங்கக்கூட அவர் போனதில்லை. இளந்தாரிகள் அவரை மதித்தது அந்த ஒரு சத்தியத்துக்காகத்தான்.

அதனால் நான் அவரைச் சிங்களத்தில் கதையுங்கோ என்று கேட்கவில்லை. இவ்வளவுதான் சொன்னேன்: "ஐயா, நான் பெத்த பிள்ளை உள்ளை இருக்கிறான். இண்டைக்கு விட்டால் இனி விடமாட்டாங்கள்."

அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் கட்டுகிற மாதிரி. கட்டிக்கொண்டு அந்தப் பொடியனுக்குக் கிட்டப் போய், "மாத்தயா" என்றார். சிங்களத்தில் ஐயா என்கிற சொல்.

பேக்கரியில் பாண் வாங்கிப் பழகிய காது எனக்கு. 'அம்மா' விளங்கியது. 'புதா' என்றால் மகன், அதுவும் விளங்கியது. பின்னணி இல்லை, போர்த்துக்கீசர் இல்லை. நான் சொன்ன நீளத்துக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல், அவ்வளவையே சொல்லிவிட்டு நிறுத்தினார்.

பொடியன் உள்ளே போய்க் கேட்டு வந்து கேற்றைத் திறந்தான். என்னை மட்டும்.

மகன் உயிரோடு இருந்தான். மெலிந்து, ஒரு கண் வீங்கி, ஆனால் என் மகன். "ஆரம்மா உங்களைக் கூட்டியந்தது?" என்றான். சொன்னேன். "அவர் கதைச்சோ உவங்கள் விட்டவங்கள்?" என்று அந்த வீங்கிய கண்ணோடும் சிரித்தான். அடுத்த வருசம் விடுபட்டு வந்தான். அது வேறு கதை.

வெளியில் வந்தபோது சால்வை திரும்பவும் தோளுக்குப் போயிருந்தது. "இருக்கிறானோ?" என்றார். "இருக்கிறான் ஐயா" என்றேன். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவர் பழையபடி ஆகிவிட்டார். சர்வதேசச் சட்டத்தை எடுத்து வைத்ததும் முகாம் வாசல் எப்படித் திறந்தது என்று நல்ல விரிவாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் என் பாட்டில் இருந்தேன். அப்போது கடைசி வரிசை வாங்கில் இருந்த இளந்தாரி ஒருவன் எழும்பினான்.

"ஐயா, கேற்றிலை நிக்கிறவங்களுக்கு இங்கிலீசு விளங்காதே. என்ன பாஷையிலை கதைச்சனியள்?"

வாசிகசாலை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. செயலாளர் ஐயாவின் கை தோளில் கிடந்த சால்வைக்குப் போனது.

நான் எழும்பினேன்.

"இங்கிலீசிலைதான். நான் பக்கத்திலை நிண்டனான்."

"உங்களுக்கு இங்கிலீசு தெரியுமே அன்ரி?"

"வெள்ளைக்காரிக்கு முன்னாலை நிண்டு கதைச்சவள் நான். நீ ஆரடா என்னைக் கேக்க? இரு கீழை."

இருந்தான். செயலாளர் ஐயா என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானும் கதிரையில் இருந்தார். நான் சொன்னதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.